கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல

பனிக்கால அதிகாலை. டொராண்டோவிலோ சிகாகோவிலோ ஏதோ ஒரு வீட்டின் கேரேஜிலிருந்து பெரிய வெடிச்சத்தம் கேட்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எழுந்து, விளக்கைப் போட்டுத் தேடுகிறார்கள். கண்ணாடி உடையவில்லை, எந்தப் பொருளும் விழவில்லை. விடிந்து, வேலைக்குக் கிளம்பி, காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும்போதுதான் விஷயம் தெரியவருகிறது. மேலே மோட்டார் முனகுகிறது. கதவு ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றுவிடுகிறது. கதவுக்கு மேலே, சுவரையொட்டிக் குறுக்காக ஓடும் இரும்புக் குழாயில் கோத்திருக்கும் கறுப்பு ஸ்பிரிங், நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு விலகிக் கிடக்கிறது.

வட அமெரிக்காவில் இது சகஜமான சம்பவம். டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் பலரும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அங்கே பல வீடுகளில் முன்வாசலைவிட அதிகம் புழங்குவது கேரேஜ் கதவுதான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், கடைக்குப் போய்வரும் பெரியவர்களும், சைக்கிளும், குப்பைத் தொட்டியும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. ஆனாலும் அந்தக் கதவு எப்படி எழும்புகிறது என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லோரும் கூரையில் தொங்கும் மோட்டாரைத்தான் காட்டுவார்கள்.

இரண்டு கார்கள் நுழையும் கேரேஜுக்கு வழக்கமான கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். உள்ளே குளிர்காப்பு அடைத்த எஃகுக் கதவு என்றால் 70 கிலோ எடை சாதாரணம். மரக் கதவுகள் அதைப்போல இரண்டு மடங்கு கூட இருக்கும். மோட்டாரிலிருந்து கதவைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நான்கைந்து கிலோ எடையைத் தூக்கும் முயற்சியே போதும். பத்து வயதுப் பிள்ளைகூட ஒரு கையால் உயர்த்திவிடும். பாதி உயரத்தில் விட்டுவிட்டால் கதவு கீழேயும் விழாமல் மேலேயும் போகாமல் அங்கேயே நிற்கும். மீதி அறுபத்தைந்து கிலோவையும் சுமப்பது அந்தக் கறுப்பு ஸ்பிரிங்தான். மோட்டாரின் வேலை, ஏற்கெனவே சமநிலையில் இருக்கும் கதவை மெல்ல நகர்த்திக் கொடுப்பது மட்டுமே.

கார்கள் பரவத் தொடங்கிய காலத்தில் கேரேஜ் கதவுகள் குதிரை வண்டிக் கொட்டகையின் இரட்டைக் கதவுகளைப் போலவே வெளிப்பக்கமாகத் திறந்தன. வாசலில் முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடந்தால் அதை வாரி எடுக்காமல் கதவை அசைக்க முடியாது. 1921 இல் சி. ஜி. ஜான்சன் என்ற அமெரிக்கர், மேல்நோக்கி எழும்பும் கதவை உருவாக்கினார். பலகைகளைக் கீல்களால் கிடையாகக் கோத்து, ஓரங்களில் உருளைகள் வைத்து, வளைந்த தடத்தின் வழியாகக் கதவு மேலேறி கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும்படி செய்தார். அதன் சிறிய மாதிரி ஒன்றைத் தன் மாடல் டி ஃபோர்டு காரின் பின்புறம் பொருத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய் முகவர்களைப் பிடித்தார். 1926 இல் அவரது நிறுவனமே மின்சாரத்தால் கதவைத் திறக்கும் கருவியையும் கொண்டுவந்தது. வாசலில் இடம் பிடிக்காத, பனியால் தடைபடாத கதவு கிடைத்துவிட்டது. எடையைத்தான் என்ன செய்வது?

விடை தெரிய, கதவின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கதவின் அடிப்பலகையின் இரு மூலைகளிலும் எஃகு வடம் கட்டப்பட்டிருக்கும். வடங்கள் இரண்டும் மேலே போய், குழாயின் இரு முனைகளிலும் உள்ள டிரம்களில் சுற்றிக்கொள்ளும். டிரம்மின் விட்டம் வழக்கமாக 4 அங்குலம். குழாயின் நடுவில், சுவரில் அறைந்த பட்டைத் தகட்டின் இருபுறமும் ஸ்பிரிங்குகள் இருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை அந்தத் தகட்டோடு அசையாமல் போல்ட் போடப்பட்டிருக்கும். மறுமுனையில் உள்ள வார்ப்புக் கூம்பு, திருகுகளால் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும். கதவு கீழே இறங்கும்போது வடம் டிரம்மிலிருந்து அவிழ்கிறது, குழாய் சுழல்கிறது, ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. கதவு மேலே போகும்போது ஸ்பிரிங் தன் முறுக்கை அவிழ்த்து அந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது.

இதில் வியக்கவைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கின் விசை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நன்றாக முறுக்கியிருக்கும்போது அதிகமாகவும், அவிழ அவிழக் குறைவாகவும் இருக்கும். ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678 இல் விளக்கி எழுதிய விதி இது: எவ்வளவு இழுக்கிறோமோ, அந்த விகிதத்தில் எதிர்விசை. யாராவது தன் கண்டுபிடிப்பைத் தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்ட புதிராக அவர் அதை அச்சிட்டிருந்தார். சாதாரணமாக ஒரு பொருளைத் தூக்க வேண்டுமென்றால், இப்படிப் போகப் போகத் தளரும் விசை உதவாது. தொடக்கத்தில் சரியாக இருந்தால் முடிவில் போதாது. முடிவில் சரியாக இருந்தால் தொடக்கத்தில் தூக்கி எறிந்துவிடும்.

ஆனால் கேரேஜ் கதவின் எடையும் போகப் போகக் குறைகிறது. கதவு மூடியிருக்கும்போது எல்லாப் பலகைகளும் செங்குத்தாகத் தொங்குவதால் 70 கிலோவும் வடத்தில் இருக்கிறது. முதல் பலகை வளைவைத் தாண்டிக் கிடைத்தடத்தில் படுத்தவுடன், அதன் எடையைத் தடம் தாங்கிக்கொள்கிறது. பாதி ஏறியபின் வடத்தில் இருப்பது 35 கிலோ. முக்கால் ஏறியபின் பதினேழு, பதினெட்டு. ஏறிய உயரத்துக்குச் சரியான விகிதத்தில் தொங்கும் எடை குறைகிறது. சுழன்ற சுற்றுகளுக்குச் சரியான விகிதத்தில் ஸ்பிரிங்கின் திருப்பு விசையும் குறைகிறது. இரண்டும் ஒரே சாய்வில் இறங்கும் நேர்க்கோடுகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி செய்துவிட்டால், எந்த உயரத்திலும் எடையும் விசையும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். கதவு எங்கே விட்டாலும் அங்கேயே நிற்பதன் காரணம் இதுதான். மின்னணுச் சில்லும் இல்லை, உணரியும் இல்லை. வளைந்த தடமும் ஹூக் விதியும் சேர்ந்து செய்யும் வேலை. வீட்டுக்குள் இருக்கும் எந்திரங்களில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு துல்லியமும் ஒன்றாக அமைந்தவை குறைவு.

கணக்கும் பத்தாம் வகுப்பு அளவுதான். 70 கிலோ கதவின் எடை சுமார் 690 நியூட்டன். டிரம்மின் ஆரம் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கினால் 35 நியூட்டன் மீட்டர். கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்குகள் கொடுக்க வேண்டிய திருப்பு விசை அது. டிரம்மின் சுற்றளவு ஏறத்தாழ 32 சென்டிமீட்டர்; 7 அடி உயரத்தை ஏற அது 6.7 முறை சுழல வேண்டும். கதவு முழுதாகத் திறந்தபின்னும் வடம் தொய்ந்து டிரம்மை விட்டு நழுவாமல் இருக்கக் கொஞ்சம் இறுக்கம் மிச்சம் வேண்டும். ஆகவே ஏழரைச் சுற்று. ஒரு சுற்றுக்கு 4.7 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள் இரண்டும் பொருந்தும். இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தால் ஆளுக்குப் பாதி.

தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறனைவிட அளவுகோல் முக்கியமாகிறது. ஸ்பிரிங்கை முறுக்கும்போது அதன் ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வளைகிறது. கம்பியின் உடம்பில் ஏறுவது வளைவுத் தகைவு. அந்த வளைவுக்கு எதிர்ப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்கு. கடைகளில் புழங்கும் கம்பி அளவுகளில் 5.26 மில்லிமீட்டர் ஒன்று, 5.72 மில்லிமீட்டர் இன்னொன்று. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. விறைப்போ கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடிவிடுகிறது. பழைய ஸ்பிரிங்கைப் போலவே இருக்கிறது என்று எடுத்து மாட்டினால் கதவு தானாக எகிறும், அல்லது தரையில் மோதும்.

அதனால் ஸ்பிரிங் மாற்றுபவர்கள் ஒற்றைக் கம்பியை அளப்பதில்லை. முறுக்கில்லாத நிலையில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் இருபது வளையங்களை மொத்தமாக நாடாவால் அளந்து, இருபதால் வகுக்கிறார்கள். இருபது வளையம் நான்கரை அங்குலம் வந்தால் கம்பி 0.225 அங்குலம், சரியாக 5 அங்குலம் வந்தால் 0.250. சிறு பிழை இருபதாகப் பங்கிடப்பட்டுக் காணாமல் போகிறது. பிறகு உள்விட்டம், மொத்த நீளம், முறுக்கின் திசை. உள்ளே நின்று கதவைப் பார்க்கும்போது, வலச்சுற்று ஸ்பிரிங் தகட்டின் இடப்பக்கமும், இடச்சுற்று ஸ்பிரிங் வலப்பக்கமும் போக வேண்டும். மாற்றிப் போட்டால் கதவு இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுவதற்குப் பதில் அவிழும். கதவின் எடை சந்தேகமாக இருந்தால் இன்னும் நேரடியான வழி இருக்கிறது: ஸ்பிரிங் இல்லாத கதவை இருவர் சேர்ந்து சற்று உயர்த்தி, நடுவில் குளியலறை எடைக்கருவியை வைத்து இறக்கினால் முள் உள்ளதைச் சொல்லிவிடும்.

இனிப் பொருத்தும் வேலை. மோட்டாரின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது, கதவு மூடிய நிலையில் மோட்டாரிலிருந்து விடுவிக்கப்படுகிறது. ஒரு உருளைக்குச் சற்று மேலே, தடத்தைப் பூட்டுக் குறடால் கவ்விவிடுகிறார்கள். முறுக்கும் நேரத்தில் கதவு திடீரென்று மேலெழாமல் இருக்க இந்த ஏற்பாடு. உடையாமல் மிச்சமிருக்கும் பழைய ஸ்பிரிங்கில் இன்னும் முழு முறுக்கு இருக்கும். அதைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். கூம்பில் நான்கு துளைகள் உண்டு. அரை அங்குலத் தடிமனும் ஒன்றரை அடி நீளமும் கொண்ட இரண்டு எஃகுக் கம்பிகள்தான் கருவி. ஒரு கம்பியைத் துளையில் முட்டும்வரை செருகி, பளுவைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கூம்பின் திருகுகளைத் தளர்த்துகிறார்கள். கால் சுற்று இறக்கி, இரண்டாவது கம்பியை அடுத்த துளையில் செருகி, முதல் கம்பியை உருவி, மறுபடி கால் சுற்று. எந்த நொடியிலும் ஒரு கம்பி கூம்புக்குள் இருந்தே தீர வேண்டும். இந்த ஒழுங்கில் ஒரு நொடி பிசகினால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது.

பழையதை உருவி, புதிய ஸ்பிரிங்குகளைக் குழாயில் கோத்து, நடுத்தகட்டில் போல்ட் போட்டபின், வடங்களை டிரம்களில் சுற்றி இரண்டையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இங்கே ஒரு வடம் தொய்வாக இருந்துவிட்டால் கதவு கோணலாக ஏறும். ஏழரைச் சுற்று முறுக்கியபின் அதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி அவிழ்க்க வேண்டும். பழகியவர்கள் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான். பிறகு ஸ்பிரிங்கின் நீளவாக்கில் சுண்ணக்கட்டியால் ஒரு நேர்க்கோடு இழுக்கிறார்கள். முறுக்க முறுக்க அந்தக் கோடு ஸ்பிரிங்கைச் சுற்றி ஏறும் கொடியாகிவிடும். எத்தனை வளைவு தெரிகிறதோ அத்தனை சுற்று. முப்பது கால் சுற்றுகளை மனத்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால்கூடக் கணக்கு தவறாது.

முறுக்கும்போது கம்பியைக் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறார்கள். ஸ்பிரிங்கின் விட்டம் குறைந்து நீளம் கூடுகிறது. ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் ஒரு கம்பித் தடிமன் நீளும். ஏழரைச் சுற்றில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். கூம்பு அந்த அளவுக்கு வெளிப்பக்கம் நகர இடம் விடாமல் இறுக்கினால் வளையங்கள் ஒன்றோடொன்று உரசி, தேய்ந்து, சீக்கிரம் போய்விடும். ஸ்பிரிங் உடையும்போது நடுவில் தெரியும் அந்த மூன்று விரல் இடைவெளிக்கும் காரணம் இந்த நீட்சிதான். உடைந்த நொடியிலேயே இரண்டு துண்டுகளும் முறுக்கவிழ்ந்து பழைய நீளத்துக்குச் சுருங்கிவிடுகின்றன. அந்த இடைவெளியைக் கண்டாலே ஸ்பிரிங் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

முறுக்குவதற்கு அசுர பலம் தேவையில்லை. கடைசிக் கால் சுற்றில்கூட, இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில், ஒன்றரை அடிக் கம்பியின் முனையில் கை உணர்வது சுமார் நான்கு கிலோ எடைக்குச் சமமான விசை. இந்த எளிமைதான் ஆளை ஏமாற்றுகிறது. கை சிறிது சிறிதாகக் கொடுத்த ஆற்றல் எல்லாம் ஸ்பிரிங்கில் சேர்ந்துகொண்டே போகிறது. முழுதாக முறுக்கிய ஒரு ஜோடியில் இருப்பது 800 ஜூலுக்குச் சற்று மேல். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிரிக்கெட் பந்தின் ஆற்றல் சுமார் 130 ஜூல். அப்படிப்பட்ட ஓர் ஓவரின் ஆறு பந்துகளும் ஒரே நேரத்தில் வந்து தாக்குவதை நினைத்துப் பார்க்கலாம். முப்பது முறை நிதானமாக ஏற்றிய ஆற்றல், கம்பி நழுவினால் கண் இமைக்கும் நேரத்தில் வெளியேறும். அப்போது அந்த எஃகுக் கம்பி, எதிரே இருக்கும் கையையும் முகத்தையும் தேடி வரும்.

கம்பிக்குப் பதிலாக ஸ்குரூ டிரைவரைச் செருகி முறுக்குவது மிகவும் ஆபத்தானது. அதன் தண்டு துளைக்குள் தளர்வாக ஆடும், பாதி ஆழம்தான் போகும், பளு ஏறியதும் வழுக்கும் அல்லது வளையும். சரியான தடிமனுள்ள கம்பிகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதை மிச்சம் பிடிக்கப் போய் விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கூம்பின் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைக் கம்பி சுழலும் வட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்வதும் அதே அளவுக்கு அவசியம். கதவின் அடிமூலையில் வடத்தைப் பிடித்திருக்கும் தகட்டின் திருகுகளையும் முறுக்கு இருக்கும்போது தொடவே கூடாது. எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் முழு இழுவையும் அங்கே நிற்கிறது. இந்த அபாயத்தைக் குறைக்க, ஸ்பிரிங்கைக் குழாய்க்குள்ளேயே அடைத்து, பல்சக்கரத்தின் மூலம் துளையிடும் கருவியால் முறுக்கும் அமைப்புகளும் வந்திருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் இன்றும் இரண்டு கம்பிகளும் இரண்டு கைகளும்தான்.

இவ்வளவு கவனமாகப் பொருத்திய ஸ்பிரிங்கும் ஒருநாள் உடைந்தே தீரும். சாதாரண ஸ்பிரிங்குகள் 10,000 முறை திறந்து மூடத் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுக்குள் முடிந்துவிடும். பிள்ளைகளும் சைக்கிளும் அதன் வழியே போய்வரும் வீட்டில் நாளுக்கு ஏழு முறை என்றால் நான்கு ஆண்டுகூட வராது. கம்பியில் ஏறும் தகைவு 1,000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். கட்டடங்களில் பயன்படும் சாதாரண மென் எஃகு அதில் கால் பங்கிலேயே வளைந்து கொடுத்துவிடும். எண்ணெயில் பதப்படுத்திய உயர்கரி எஃகுக் கம்பி என்பதால் அது தாங்குகிறது. ஒரு தடவை தாங்குவது வேறு, பத்தாயிரம் தடவை தாங்குவது வேறு.

இந்த வேறுபாட்டை உலகம் துயரத்தின் வழியாகத்தான் கற்றது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் மோதித் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அளவுக்கு மீறிய பளு எதுவும் இல்லாமலே அச்சு ஏன் முறிகிறது என்ற கேள்விக்கு, பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து விடை கண்டார். உடைக்கப் போதாத சுமைகூட, ஏற்றியும் இறக்கியும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை உடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஏறும் தகைவைக் குறைத்தால் தாங்கும் எண்ணிக்கை பல மடங்கு கூடும். உலோகச் சோர்வு பற்றிய முறையான ஆய்வு அவரிடமிருந்து தொடங்குகிறது. ஸ்பிரிங்கில் துருப்பிடித்த ஒரு நுண்குழியே போதும். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறந்து, கதவு இறங்கும் ஒவ்வொரு முறையும் சிறிது வளர்கிறது. கதவு மூடியிருக்கும் இரவு முழுவதும் ஸ்பிரிங் உச்ச முறுக்கில் நிற்கிறது. குளிரில் எஃகு விரிசலைத் தாங்கும் திறனை இழக்கிறது. யாரும் தொடாத அதிகாலையில் அது வெடிப்பதற்குப் பேய் பிசாசைத் தேட வேண்டியதில்லை.

வோலர் காட்டிய வழியே ஆயுளைக் கூட்டவும் உதவுகிறது. அதே கதவுக்கு 5.26 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 5.72 மில்லிமீட்டர் கம்பியை எடுத்து, விறைப்பு மாறாமல் இருக்க வளையங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு நீளும். திருப்பு விசை அதேதான். கம்பியில் ஏறும் தகைவு மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆயுளோ இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. கூடுதலாக ஆவது கொஞ்சம் எஃகின் விலை. வீடு கட்டி விற்பவர்கள் அந்தச் செலவைத் தவிர்க்கிறார்கள். குடியிருப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு விலை கொடுக்கிறார்கள். 25,000, 50,000 முறை தாங்கும் ஸ்பிரிங்குகள் சந்தையில் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இப்படிப்பட்ட கேரேஜ் கதவு கிடையாது. ஆனால் இதே இயற்பியல் நம் கடைத்தெரு முழுக்க இருக்கிறது. கடைக்காரர் காலையில் கொக்கிக் கம்பியால் இழுத்து மேலே தள்ளும் ஷட்டரின் தலைப்பெட்டிக்குள் ஒரு குழாயும் அதைச் சுற்றி ஸ்பிரிங்குகளும் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6248 இந்த ஷட்டர்களுக்கானது. ஷட்டர் மேலே போகப் போகத் தகடுகள் குழாயில் சுருண்டுகொள்வதால் தொங்கும் எடை குறைகிறது, ஸ்பிரிங்கும் அதற்கேற்றபடி தளர்கிறது. ஷட்டர் கனத்துப்போய் இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது என்றால், தகடுகளின் எடை கூடிவிடவில்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது. கிரீஸ் தடவிச் சமாளிப்பதைவிட ஆளைக் கூப்பிட்டுத் தலைப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வதே நல்லது. பாதி ஏறிய ஷட்டர் நழுவி இறங்கும்போது கீழே பிள்ளைகளோ வாடிக்கையாளரோ நின்றால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் மோட்டார் கதவுகளுக்கு அடியில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்தபின்தான் சட்டம் வந்தது. 1991 முதல் தயாராகும் கருவிகள், கீழே ஏதாவது தட்டுப்பட்டால் கதவைத் தானாகத் திருப்பி மேலே அனுப்ப வேண்டும் என்றாயிற்று. 1993 முதல் கதவின் இருபுறமும் தரைக்கு அருகில் ஒளிக்கண் போன்ற கூடுதல் பாதுகாப்பும் கட்டாயமானது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பாதுகாப்புகள் எல்லாம் மோட்டாரோடு சேர்ந்தவை. ஸ்பிரிங் உடைந்த கதவை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. 2017 அக்டோபரில் வட கலிஃபோர்னியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, மின்சாரம் போய், கேரேஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் அம்மாநிலம் இயற்றிய சட்டப்படி, 2019 ஜூலை முதல் விற்கப்படும் கருவிகளில் மாற்று மின்கலம் இருக்க வேண்டும். மின்கலமும் தீர்ந்துபோனால் கையால்தான் தூக்க வேண்டும். முதியவர் ஒருவர் தனியாக அதைச் செய்ய முடியுமா முடியாதா என்பது ஸ்பிரிங்கின் நிலையைப் பொறுத்தது.

ஆகவே இப்படிப்பட்ட கதவுள்ள வீட்டில் இருப்பவர்கள், அல்லது அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். முதலில் ஸ்பிரிங்கில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கதவு முழுதாக மூடியிருக்கும்போது மோட்டாரின் சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவித்து, கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். நின்றால் சரி. கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மேலே ஓடினால் முறுக்கு அதிகம். இரண்டிலும் பழகிய ஆளைக் கூப்பிட வேண்டும். கதவு திறந்த நிலையில் ஸ்பிரிங் உடைந்திருந்தால் அந்தக் கயிற்றைத் தொடாதீர்கள், 70 கிலோவும் தலைமேல் வரும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். வருபவரிடம் ஒன்று மட்டும் உடைந்திருந்தாலும் இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே எண்ணிக்கையில் உழைத்தவை. மாற்றும்போது 10,000 முறைக்கானதை விட்டு 25,000 முறைக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.